ஒரு கம்பி, ஒரு பாலம், ஒரு மாநிலம்: ரோட் ஐலண்ட் சொல்லித் தரும் ரிடண்டன்சி பாடம்



'ரிடண்டன்சி' என்ற வார்த்தையை ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் பேப்பரில் நாம எல்லாரும் ஒரு தடவையாவது எழுதியிருப்போம். ஒரு ஃபிரேம் கொடுத்து "டிகிரி ஆஃப் இன்டிடர்மினசி கண்டுபிடி" என்று கேட்பாங்க. ஃபார்முலா போடுவோம், ஒரு நம்பர் வரும், 2 மார்க் வரும், அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். அந்த நம்பர் பூஜ்ஜியம் என்று வந்தா "டிடர்மினேட், சுலபம்" என்று சந்தோஷப்படுவோம். ஆனா பூஜ்ஜியத்துக்கு இன்னொரு அர்த்தம் இருக்கு: இதில் ஒரு மெம்பர் போனா, அதோட வேலையைச் செய்ய வேற ஆள் இல்ல.

இந்த அர்த்தத்தைப் புரிஞ்சுக்க நான் பார்த்ததில் நல்ல உதாரணம் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம். பிரிட்ஜ் எலெக்டிவ் செமினாருக்காகப் படிக்க ஆரம்பிச்ச டாபிக் இது. பாலத்தைப் பற்றிப் படிக்கப் போய், அந்த ஊர் ஆட்கள் தினமும் எப்படி வண்டி ஓட்டுறாங்க, தூரத்தை எப்படி நினைக்கிறாங்க என்பது வரைக்கும் படிக்க வேண்டியதாச்சு. ரெண்டையும் பிரிக்க முடியல என்பதுதான் இந்தக் கட்டுரையோட விஷயமே. சிவில் இல்லாதவங்களும் தாராளமா படிக்கலாம், கணக்கு ரெண்டே ரெண்டுதான்.

1. எழுபத்தேழு கிலோமீட்டர் மாநிலம்

அமெரிக்காவின் 50 மாநிலங்களில் பரப்பளவில் மிகச் சிறியது ரோட் ஐலண்ட். வடக்கு தெற்கா சுமார் 77 கிலோமீட்டர், கிழக்கு மேற்கா சுமார் 60 கிலோமீட்டர். நீளத்தை நம்ம கணக்கில் சொன்னா, சென்னையில் இருந்து காஞ்சிபுரம் போற தூரம். பரப்பளவு, உள்ளே இருக்கும் தண்ணீரையும் சேர்த்து, சுமார் 3,144 சதுர கிலோமீட்டர். நம்ம கோவா கூட இதைவிடப் பெரியது. 2020 சென்சஸ் படி மக்கள்தொகை சுமார் 11 லட்சம்.

இவ்வளவு சின்ன ஊரில் இருந்தா தூரம் பற்றிய மனக்கணக்கே வேற மாதிரி ஆயிடும். அரை மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டணும் என்றால் "சாப்பாடு கட்டிக்கிட்டுப் போகணும்" என்பது அவங்க தங்களையே கிண்டல் பண்ணிக்கிற பழைய ஜோக். டெக்சாஸ்காரர் மூணு மணி நேரம் ஓட்டி மளிகை வாங்கிட்டு வரலாம். ரோட் ஐலண்ட்காரருக்கு இருபது நிமிஷம்தான் எல்லை.

வழி சொல்வதும் தனி ஸ்டைல். இப்போது இல்லாத கடையை வைத்து வழி சொல்வாங்க. "முன்னாடி ஆல்மாக்ஸ் இருந்த இடத்தில் திரும்பு" என்பது மாதிரி. ஆல்மாக்ஸ் என்பது 1990களின் நடுவிலேயே மூடிவிட்ட சூப்பர் மார்க்கெட். புதுசா வந்தவர் தேடினா கிடைக்காது, கூடவே வளர்ந்தவருக்கு அது இன்னும் அங்கேதான் இருக்கு. நம்ம ஊரில் இடிச்சுப் பல வருஷமான தியேட்டர் பேரில் இன்னும் பஸ் ஸ்டாப் இருக்கிற மாதிரிதான்.

ப்ராவிடன்ஸ் தலைநகரம். அங்கே ஐ-95 நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பூச்சி ஒழிப்புக் கம்பெனியின் கூரை மேல் ராட்சத நீலக் கரையான் சிலை நிற்குது. 'பிக் புளூ பக்' என்று பேர். டிராஃபிக் நிலவரம் சொல்லும்போது "பூச்சி வரைக்கும் வண்டி நிற்குது" என்பாங்க. நம்பர் பிளேட்டில் குறைந்த எண் வைத்திருப்பது அங்கே கௌரவம். அப்பாவிடம் இருந்து பிள்ளைக்கு நம்பர் போகும்.

இதெல்லாம் ஏன் சொல்றேன்? ஒரு ஊரின் ரோடு நெட்வொர்க் மேப்பில் மட்டும் இருப்பதில்ல, மக்கள் தலைக்குள்ளும் இருக்கு. எங்கே வீடு வாங்குவது, எங்கே வேலைக்குப் போவது, அம்மாவை எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்ப்பது எல்லாமே அந்த 'இருபது நிமிஷம்' கணக்கில் முடிவாகுது. அந்தக் கணக்குக்கு அடியில் ஒரு பாலம் இருக்கு என்பது பாலம் இருக்கிற வரைக்கும் யாருக்கும் தோணாது.

2. நடுவில் தண்ணீர்

ரோட் ஐலண்ட் மேப்பைப் பார்த்தா, நடுவில் நாராகான்செட் விரிகுடா கத்தி மாதிரி உள்ளே இறங்கியிருக்கும். விரிகுடாவுக்குக் கிழக்கே இருக்கும் பேரிங்டன், வாரன், பிரிஸ்டல் ஊர்களை 'ஈஸ்ட் பே' என்பாங்க. இவற்றுக்கு வடக்கே ஈஸ்ட் ப்ராவிடன்ஸ் நகரம். அதற்கும் ப்ராவிடன்ஸுக்கும் நடுவில் சீகாங்க் ஆறு. ஈஸ்ட் பேயில் இருந்து வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ ப்ராவிடன்ஸ் போகணும் என்றால் இந்த ஆற்றைத் தாண்டியே ஆகணும்.

தாண்ட என்ன வழி இருக்கு?

• வாஷிங்டன் பாலம். ஐ-195 நெடுஞ்சாலை இதன் மேல்தான் போகுது. பெரும்பாலான வண்டிகள் இதில்தான்.

• கொஞ்சம் வடக்கே ஹெண்டர்சன் பாலம். இது நெடுஞ்சாலை இல்ல, ஊர்த் தெருக்களில் போய் இறங்கும்.

• இன்னும் வடக்கே பாடக்கெட் ஊர் வழியா சுத்திப் போவது.

• தெற்கே மவுண்ட் ஹோப் பாலம் ஏறி, தீவுகளைத் தாண்டி, நியூபோர்ட் பாலம் வழியா விரிகுடாவையே சுத்தி வருவது. கேட்கவே தலை சுத்தும்.

இந்த லிஸ்டில் இருந்திருக்க வேண்டிய இன்னொரு வழியும் உண்டு. வாஷிங்டன் பாலத்துக்கும் ஹெண்டர்சன் பாலத்துக்கும் நடுவில், 1908-இல் கட்டிய க்ரூக் பாயின்ட் ரயில் தூக்குப்பாலம். 1976-இல் ரயில் நின்றபோது பாலத்தைத் தூக்கிய நிலையிலேயே விட்டுட்டுப் போயிட்டாங்க. அதற்கப்புறம் அது வானத்தைப் பார்த்தே நிற்குது. அந்த ஊர் ஆட்களுக்கு அது ஒரு செல்ல அடையாளம், டிஷர்ட்டில் எல்லாம் பிரிண்ட் பண்ணிப் போட்டுக்குவாங்க. ஈஸ்ட் பே பக்கம் இருந்த பழைய ரயில் பாதை இப்போ சைக்கிள் பாதை.

ரயில் லாபம் தரல, எடுத்தாங்க. அன்றைக்கு அது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம். ஆனா அன்றைக்குக் குறைந்தது ஒரு ரயில் பாதை மட்டும் இல்ல, நெட்வொர்க்கின் ரிடண்டன்சியில் ஒன்று குறைந்தது. அந்த நம்பரை எந்தப் பேப்பரிலும் யாரும் கூட்டிக் கழிச்சுப் பார்க்கிறதில்ல.

3. 2023 டிசம்பர் 11

வாஷிங்டன் பாலம் என்று சொன்னாலும் அது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாலம். 1930-இல் முதல் பாலம். 1968-இல் மேற்கு நோக்கிப் போகும் வண்டிகளுக்காக, அதாவது ப்ராவிடன்ஸுக்குள் போறவங்களுக்காக, பக்கத்திலேயே இரண்டாவது பாலம். 2008-இல் 1930 பாலத்துக்குப் பதிலா கிழக்கு நோக்கிய புதிய பாலம் வந்தது. 1968 பாலம் அப்படியே தொடர்ந்தது.

2023 டிசம்பரில் அந்த 1968 பாலத்தில் சீரமைப்பு வேலை நடந்துகிட்டிருந்தது. வேலையில் இருந்த ஒரு பொறியாளர் ஒரு தூண் பக்கம் இருந்த 'டை-டவுன் ராடு' எனப்படும் இழுவைக் கம்பிகள் உடைந்திருப்பதைக் கவனிச்சார். டிசம்பர் 11, திங்கள்கிழமை மாலை, பாலத்தை உடனே மூடிட்டாங்க. முன்னறிவிப்பு எதுவும் இல்ல. ஆபீஸ் விடும் நேரம்.

நாளொன்றுக்கு சுமார் 90,000 வண்டிகள் என்று கணக்குச் சொல்லப்பட்ட பாலம் அது. சில கிலோமீட்டர் தாண்ட மணிக்கணக்கில் ஆச்சு. சில நாளில் பக்கத்து கிழக்கு நோக்கிய பாலத்திலேயே எதிர்த் திசைக்கும் ரெண்டு லேன் ஒதுக்கினாங்க. பிரிஸ்டலில் இருந்து ப்ராவிடன்ஸுக்கு அவசரத்துக்கு ஒரு படகு சர்வீஸ் கூட விட்டாங்க. 2024-இல் அந்த ஒரே பாலத்தில் லேன்களை நெருக்கி, திசைக்கு மூன்றாக்கினாங்க.

முதலில் "சில மாதத்தில் சரி பண்ணிடலாம்" என்றுதான் பேச்சு. ஆனா திறந்து பார்க்கப் பார்க்க, கான்கிரீட்டுக்குள் இருக்கும் போஸ்ட்-டென்ஷனிங் கேபிள் அமைப்பிலும் சேதம் தெரிஞ்சுது. 2024 மார்ச்சில், சரி பண்ண முடியாது, இடித்துப் புதுசா கட்டணும் என்று அறிவிச்சாங்க. புதிய பாலத்துக்கு 2025-இல் போட்ட ஒப்பந்தம் சுமார் 42.7 கோடி டாலர். முடிக்கும் இலக்கு 2028 நவம்பர்.

ஒரு திங்கள்கிழமை மாலை மூடியது, திறக்க ஐந்து வருஷம்.

4. அந்தக் கம்பி என்ன வேலை செய்தது?

இப்போ முதல் கணக்கு. சீசா விளையாட்டை நினைச்சுக்கோங்க. நடுத்தூண்தான் பாலத்தின் தூண். ஒரு பக்கம் நீளமான கை தண்ணீர் மேல் நீட்டிக்கிட்டு நிற்குது. இதுதான் கேன்டிலீவர். அந்தக் கையின் முனையில் அடுத்த துண்டுப் பாலம் உட்கார்ந்திருக்கு. இன்னொரு பக்கம் குட்டைக் கை. நீளக் கையில் எடை ஏறினா குட்டைக் கை மேலே தூக்கும். தூக்க விடாமல் அதைக் கீழே பிடிச்சு வைப்பதுதான் டை-டவுன் ராடு.

நம்பர் போட்டுப் பார்ப்போம். இவை புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள், அந்தப் பாலத்தோட அளவு இல்ல.

நீளக் கை 10 மீட்டர், குட்டைக் கை 5 மீட்டர். முனையில் 20 டன். பீமின் சொந்த எடையை விட்டுடுவோம்.

கவிழ்க்கும் மொமென்ட் = 20 × 10 = 200 டன் மீட்டர்.
கம்பிகள் கீழே இழுக்க வேண்டிய விசை = 200 ÷ 5 = 40 டன்.

நான்கு கம்பி இருந்தா ஒவ்வொன்றுக்கும் 10 டன். ரெண்டு உடைஞ்சா மீதி ரெண்டுக்கும் 20 டன். மூணு உடைஞ்சா கடைசிக் கம்பிக்கு 40. இங்கே கவனிக்க வேண்டியது, மேலே போற லாரிக்கு இந்த மாற்றம் எதுவுமே தெரியாது. ரோடு அதே ரோடு. அஞ்சு மாசம் முன்னாடி போனது மாதிரிதான் இன்னைக்கும் போகும். கடைசிக் கம்பி போகும் நேரம் மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

நான்கு கம்பி இருக்கு என்பதால் ரிடண்டன்சி இருக்கு என்று நினைக்கலாமா? கூடாது. நான்கும் ஒரே வயசு, ஒரே ஸ்டீல், ஒரே உப்புக் காற்று. ஒன்றுக்கு வந்த நோய் நாலுக்கும் வந்துகிட்டு இருக்கும். எண்ணிக்கை ரிடண்டன்சி ஆகாது, தனித்தனியா பழுதாகக் கூடியவையா இருக்கணும். இது எலெக்ட்ரிகல், கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களுக்கும் பொருந்தும். ஒரே சர்வர் ரூமில், ஒரே யூபிஎஸ்ஸில் ரெண்டு பேக்கப் வைக்கிறது மாதிரி.

5. ரோட்டுக்கும் அதே கணக்கு

இரண்டாவது கணக்கு. பாலம் போனா வண்டிகள் வேற ரோட்டுக்குப் போகும், கொஞ்சம் நேரம் கூட ஆகும், அவ்வளவுதானே என்று தோணும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு?

டிரான்ஸ்போர்டேஷன் இன்ஜினியரிங்கில் ஒரு பழைய ஃபார்முலா உண்டு. அமெரிக்கப் பொதுச் சாலைகள் துறை 1964-இல் கொடுத்தது, இன்னும் பயன்படுத்துறாங்க:

பயண நேரம் = காலி ரோட்டில் ஆகும் நேரம் × [1 + 0.15 × (வண்டிகள் ÷ கொள்ளளவு)⁴]

பவர் நான்கைப் பாருங்க. அதுதான் வில்லன்.

காலி ரோட்டில் 10 நிமிஷம் ஆகும் பாதை. ஐந்து லேன், அதில் 80 சதவீதம் நிரம்பியிருக்கு. விகிதம் 0.8. நான்காவது பவர் 0.41. நேரம் 10.6 நிமிஷம். யாருக்கும் வித்தியாசமே தெரியாது.

இப்போ ஐந்து லேன் ரெண்டாகுது, அதே வண்டிகள் வருது என்று வைச்சுக்குவோம். விகிதம் 2. நான்காவது பவர் 16. நேரம் 10 × (1 + 2.4) = 34 நிமிஷம்.

லேன் இரண்டரை மடங்கு குறைந்தது, நேரம் மூணு மடங்குக்கு மேல் கூடியது. இருபது நிமிஷத்தை எல்லையா வைத்து வாழும் ஊரில் இது டிராஃபிக் பிரச்சினை மட்டும் இல்ல. எட்டு கிலோமீட்டரில் இருந்த ஊர், எட்டு கிலோமீட்டரிலேயே இருந்துகொண்டு தூரமாயிடுச்சு.

நிஜத்தில் எல்லா வண்டியும் திரும்ப வராது. பலர் போறதையே விட்டுடுவாங்க. மாடலுக்கு அது நல்ல செய்தி, நெரிசல் குறையும். ஆனா அந்த வராமல் போன வண்டிகள் யார்? ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹோட்டலில் சாப்பிட வந்தவர், சலூனுக்கு வந்தவர், பேரனைப் பார்க்க வந்த பாட்டி. பாலத்தின் இரண்டு பக்கமும் சின்னக் கடைக்காரர்கள் வியாபாரம் விழுந்ததைச் சொல்லி உதவி கேட்டது இதனால்தான். கிராஃபில் நெரிசல் குறைஞ்சதா தெரியும் இடத்தில் ஒரு கடை காலியாகிக்கிட்டு இருக்கும்.

வராமல் இருக்க முடியாதவங்களும் உண்டு. பெரிய விபத்துக் காயங்களுக்கான லெவல் ஒன் டிராமா சென்டர் அந்த மாநிலம் முழுக்க ஒன்றே ஒன்றுதான், ரோட் ஐலண்ட் ஹாஸ்பிடல். அது இருப்பது ப்ராவிடன்ஸில். ஈஸ்ட் பேயில் இருந்து கிளம்பும் ஆம்புலன்ஸுக்கு ஆறு நடுவில்தான் இருக்கு. அதுக்கும் அதே பவர் நான்குதான்.

6. பரிசோதனை பண்ணலையா?

பண்ணினாங்க. இதுதான் எனக்கு ரொம்ப யோசனையைக் கொடுத்த பகுதி.

1967 டிசம்பர் 15 அன்று மேற்கு வர்ஜீனியாவில் சில்வர் பிரிட்ஜ் இடிந்து விழுந்தது. 46 பேர் இறந்தாங்க. காரணம், ஒரே ஒரு ஐ-பார் இணைப்பில் இருந்த சின்ன விரிசல். அதற்கப்புறம்தான் அமெரிக்காவில் பாலங்களைப் பொதுவா இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கட்டாயம் பரிசோதிக்கணும் என்ற தேசிய விதி வந்தது. ஒரு ஸ்டீல் இழுவை மெம்பர் உடைந்தா பாலமே விழும் என்றால், அதற்குத் தனிப் பேர், தனிப் பரிசோதனை. கையால் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் போய்ப் பார்க்கணும்.

வாஷிங்டன் பாலத்தின் 1968 பகுதி திறந்தது சில்வர் பிரிட்ஜ் விழுந்த அடுத்த வருஷம். பல வருஷமா பரிசோதனை அறிக்கைகள் வந்துகிட்டே இருந்தது. 2023 ஜூலை பரிசோதனையில் பாலம் 'மோசம்' என்றே ரேட்டிங் வாங்கியிருந்தது. 0 முதல் 9 வரை உள்ள ஸ்கேலில் 4 அல்லது அதற்குக் கீழே இருந்தா மோசம். ஆனா மோசம் என்றால் உடனே மூடணும் என்று அர்த்தம் இல்ல, அந்த நாட்டில் அந்த ரேட்டிங்கோட ஓடிக்கிட்டு இருக்கும் பாலங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கு.

2024 ஆகஸ்டில் மாநில அரசு, இந்தப் பாலத்தில் வேலை செய்த 13 நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டது. டை-டவுன் ராடுகள் எவ்வளவு முக்கியம் என்பதை அவங்க கண்டுக்கவே இல்ல என்பது அதில் முக்கியக் குற்றச்சாட்டு. யார் மேல் எவ்வளவு தப்பு என்பதைக் கோர்ட்டு பார்த்துக்கட்டும். நமக்கு இதில் இருக்கும் பாடம் வேற. பரிசோதனை என்பது கண் வேலை மட்டும் இல்ல. நூறு விரிசலை போட்டோ எடுத்து அறிக்கையில் ஒட்டலாம். "இதில் எது போனா எல்லாம் போகும்?" என்ற கேள்வியைக் கேட்டு டிராயிங்கைப் படிச்சிட்டுப் போனாத்தான், எந்தக் கம்பி முன்னாடி நின்று பார்க்கணும் என்று தெரியும். ஃப்ரீ பாடி டயகிராம் போடத் தெரிஞ்ச செகண்ட் இயர் ஸ்டூடண்ட் கூட அந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

7. எடுத்துக்க வேண்டியது

சுருக்கமா:

1. டிடர்மினேட் என்றால் கணக்கு சுலபம். வாழ்க்கை சுலபம் என்று அர்த்தம் இல்ல.

2. ஒரே காரணத்தால் ஒன்றாகப் பழுதாகும் நான்கு கம்பிகளை ஒரு கம்பியாகத்தான் எண்ணணும்.

3. ரிடண்டன்சி பாலத்துக்குள் மட்டும் இல்ல, பாலத்துக்கு வெளியேயும் பார்க்கணும். இந்தப் பாலம் இல்லைன்னா மக்கள் எதில் போவாங்க? ரயிலா, படகா, இன்னொரு பாலமா?

4. "யூஸ் ஆகல" என்று ஒரு பாதையை எடுக்கும் முன்னாடி, அது சும்மா இருப்பதே ஒரு வேலையா என்று கேட்கணும்.

5. அறிக்கை எழுதுவதும் அபாயத்தைப் புரிஞ்சுக்குவதும் ரெண்டு வேற வேலை.

பெரிய மாநிலத்திலும் இதே பிரச்சினைகள் உண்டு. ஆனா அங்கே அது ஒரு மூலையில் மறைஞ்சு போயிடும். ரோட் ஐலண்ட் சின்னது என்பதால் ஒரு கம்பிக்கும் ஒரு மாநிலத்தின் காலை நேரத்துக்கும் இருக்கும் தொடர்பு ஒரே பக்கத்தில் வரைஞ்சு பார்க்கிற அளவுக்குத் தெளிவா தெரியுது. லேப் மாடல் மாதிரி.

படிச்சவங்களுக்கு ஒரு சின்ன அசைன்மென்ட், மார்க் கிடையாது. உங்க வீட்டில் இருந்து காலேஜ் வரைக்கும் உள்ள பாதையை ஒரு பேப்பரில் கோடும் புள்ளியுமா வரையுங்க. பாலம், ரயில்வே கேட், சுரங்கப்பாதை, ஒற்றைத் தார் ரோடு எல்லாம் வரட்டும். பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியையும் குறிங்க. இப்போ ஒவ்வொரு கோடா அழிச்சுப் பாருங்க. எந்தக் கோட்டை அழிச்சா ஆஸ்பத்திரி தனியா பிரிஞ்சு போகுதோ, அதுதான் உங்க ஊரின் டை-டவுன் ராடு. அதைக் கண்டுபிடிச்சவங்க, அடுத்த தடவை அந்த வழியா போகும்போது கொஞ்சம் குனிஞ்சு அடியிலும் பாருங்க. உங்க படத்தை இதழுக்கு அனுப்பினா அடுத்த மாசம் சேர்த்து வைத்துப் பேசுவோம்.